திருப்பித் தர வருகிறவள்

நின்றுகொண்டே சாப்பிடுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு, வாசலுக்கு ஒரு நடை, உள்ளே ஒரு நடை என்று அலைகிறவர்களோடு நிம்மதியாக நாலு வார்த்தை பேச முடியுமா? அக்கா அப்படித்தான் சாப்பிடுவாள். என் கடையில் நல்ல நாற்காலிகள் கிடந்தன. "உக்காந்து சாப்புடுக்கா, நாற்காலி கடிக்காது" என்று நானும் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். "இருக்கட்டும்மா, இருக்கட்டும்" என்பாள். அதற்குள் கீழேயிருந்து ஜீப் ஏறி வரும் சத்தம் கேட்கும். தட்டோடு வெளியே போய் நின்றுவிடுவாள். ஜீப்பிலிருந்து இறங்கும் ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வாய்.

பேரைச் சொல்லப்போவதில்லை. மலையில் யாரும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. ஊருக்கு அவள் படக்காரக்கா, எனக்கு வெறும் அக்கா. இப்போது அவள் இங்கே இல்லை. கல்வராயன் மலைப் பக்கம் போய்விட்டாள். அங்கே யாரோ ஒரு கடைக்காரியிடம் அலமாரியில் ஒரு தட்டு கேட்டு நச்சரித்துக்கொண்டிருப்பாள்.

நான் ஜவ்வாது மலைமேல் புதூர்நாட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார் திருத்தம், சான்றிதழுக்கு மனு, ரீசார்ஜ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எல்லாம் உண்டு. பிறந்தது அடிவாரத்தில். என் வீட்டுக்காரர் திருப்பத்தூருக்கும் புதூர்நாட்டுக்கும் ஜீப் ஓட்டுவதால் மலையேறி வந்தவள். அக்காவும் அடிவாரத்துக்காரிதான், ஆனால் அந்தப் பக்கம். கலசப்பாக்கத்தை ஒட்டி நெல் விளையும் ஓர் ஊர். பல வருஷம் செருப்புக் கம்பெனியில் வேலை பார்த்தவள். முதல் நாள் என் கடைக்கு வந்தபோதே காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரிதான் நின்றாள்.

"அலமாரியில ஒரு தட்டு குடுத்தா போதும்மா."

"இன்னா வெக்கப்போறீங்க?"

"படம்."

"சாமி படமா?"

"சினிமா. பொம்பளைங்க படமா சேத்து வெச்சிருக்கேன். எடுத்துக்கினு போய்ப் பாத்துட்டுத் திருப்பிக் குடுக்கறது. லைப்ரரி மாதிரி."

பொம்பளைங்க படம் என்றதும் நான் அவளை ஏற இறங்கப் பார்த்தேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயே, அந்த மாதிரி இல்லம்மா. பொம்பளைங்க எப்படிப் பொழைச்சாங்க, எப்படிச் சண்ட போட்டாங்க, அந்த மாதிரி." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டால் அப்புறம் இல்லை என்று சொல்ல எனக்கு வராது. தட்டைக் கொடுத்தேன்.

எல்லாம் பென் டிரைவ்தான். கம்பெனியில் மிஞ்சிய தோல் துண்டுகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னப் பை தைத்திருந்தாள், ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு நிறம். படத்தின் பேர் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. "அந்த ஊதா இருக்குதாக்கா?" என்று கேட்டு வருவார்கள். ஊதா, லாரி ஓட்டக் கற்றுக்கொண்ட ஓர் அம்மாவின் கதை. மஞ்சள், கல் குவாரியில் பெண்கள் ஒன்றாக உட்கார்ந்து கூலி கேட்டது. பச்சை, எங்கேயோ பனி கொட்டும் ஊரில் தனியாக ஆடு மேய்க்கும் ஒரு கிழவி. அதில் பேசுகிற பாஷை இந்தப் பக்கத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அதிகம் சுற்றியது அதுதான். "பாஷை தெரியாட்டி இன்னா, ஆடு நம்ம ஆடு மாதிரிதான கத்துது" என்றாள் ஒருத்தி.

படம் எடுத்தவர்களை அக்காவே போனில் பிடித்து அனுமதி கேட்பாள். கடைக்கு எதிரே இருந்த மேட்டில் கொஞ்சம் சிக்னல் கிடைக்கும். அதில் ஏறி இறங்கிக்கொண்டே பேசுவாள். "நான் ஜவ்வாது மலையிலேர்ந்து பேசறேங்க. உங்க படத்த எங்க ஜனங்க பாக்கணும். குடுப்பீங்களா மாட்டீங்களா?" மாட்டேன் என்றவர்களும் உண்டு. அவர்களுக்கு மறுநாளும் போன் போகும். அவளிடம் மாட்டேன் என்று சொல்வதைவிடக் கொடுத்துத் தொலைப்பது சுலபம் என்று அவர்களுக்கும் சீக்கிரம் தெரிந்துவிடும்.

"எல்லாத்தையும் போன்லயே அனுப்பிட்டா வேலை முடிஞ்சுதேக்கா" என்று ஒரு நாள் கேட்டேன்.

"போன்ல பாத்தா ஒருத்தி பாப்பா. டிவியில சொருகினா தெருவே பாக்கும்."

இத்தனை படம் வைத்திருந்தவள் ஒரு படத்தையும் முழுசாகப் பார்த்ததில்லை. பாதியில் எழுந்துவிடுவாள். திருப்பித் தர வருகிறவர்களைப் பிடித்து வைத்துக்கொண்டு, "அப்புறம் இன்னா ஆச்சு?" என்று கேட்பாள். ஒரே படத்துக்கு ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு முடிவு சொல்வார்கள். லாரி ஓட்டிய அம்மா புருஷனை மன்னித்துவிட்டாள் என்பாள் ஒருத்தி. மன்னிக்கவே இல்லை, சும்மா சோறு போட்டாள், அவ்வளவுதான் என்பாள் இன்னொருத்தி. அக்கா இரண்டுக்கும் தலையாட்டுவாள். என் வீட்டுக்காரர் இதையெல்லாம் பார்த்துவிட்டு, "இந்தம்மாவ ஜீப்புல கட்டினா டீசலே வேணாம், தானா மலையேறும்" என்பார்.

இவ்வளவும் சரி. அவள் போட்ட சட்டம்தான் எனக்குத் தலைவலி. படத்தை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஒரே ஆள் எத்தனை தடவை வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் திருப்பித் தர வருகிறவள் இதற்கு முன்னால் இந்தக் கடைப் படியேறாத ஒரு பெண்ணாக இருக்க வேண்டும். புது முகம். ஓர் ஊரில் எல்லாப் பெண்களும் ஒரு முறை வந்து போன பிறகுதான் அந்த ஊருக்குச் சட்டம் தளரும். ஏமாற்றவும் முடியாது. ஒரு முகத்தைப் பார்த்தால் அவள் மறக்கவே மாட்டாள்.

ஒரு பெரியவர் மஞ்சள் பையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"பொம்பளை வரணும்" என்றாள் அக்கா.

"சம்சாரம் சாமைக்குக் களையெடுக்கப் போயிருக்குதும்மா."

"எடுத்துட்டு வரட்டும். நாங்க எங்க ஓடிப்போகப்போறோம்?"

பெரியவர் என்னைப் பார்த்தார். நான் ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்தேன். முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். மறுநாள் அந்த அம்மா வந்தார். மலையிலேயே பிறந்து மலையிலேயே பேரன் எடுத்தவர். புருஷன் கூட இல்லாமல் பஸ் ஏறியது அன்றைக்குத்தானாம். படத்தைக் கொடுத்துவிட்டுப் பக்கத்துக் கடையில் ஒரு டீ குடித்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொரு டீயும் குடித்துவிட்டுப் போனார்.

எல்லாரும் இப்படிச் சந்தோஷமாகப் போனார்கள் என்று சொல்ல மாட்டேன். புதிதாகக் கல்யாணமான ஒரு பெண் ஊதாப் படத்தைத் திருப்பித் தர வந்தாள். வளையல் கடை, பஜ்ஜி கடை என்று சுற்றிக் கடைசி ஜீப்பை விட்டுவிட்டாள். என் வீட்டுக்காரர்தான் தனி டிரிப் அடித்துக் கொண்டுபோய் விட்டார். மறுநாள் அவள் மாமியார் வந்து என் கடை வாசலில் நின்று அரை நாள் வைதார். அக்காவை இல்லை, என்னை! அக்கா அந்த நேரத்தில் மேட்டில் ஏறி யாருக்கோ போன் பேசிக்கொண்டிருந்தாள். "உன் சட்டத்துக்கு நான் ஏன்க்கா பேச்சு வாங்கணும்? வுட்டுத் தொலையேன்" என்றேன். எவ்வளவு சொல்லியும் அவள் மசியவில்லை.

ஒருத்திக்காகத்தான் அந்தச் சட்டம் என்பது அதற்குப் பிறகு தெரியவந்தது. அன்றைக்கு நல்ல மழை. கரண்ட் இல்லை, ஜீப் இல்லை, கடைக்கு ஒரு ஆள் இல்லை. அக்கா ஷட்டரைப் பாதி இறக்குவதும் ஏற்றுவதும் ரோட்டை எட்டிப் பார்ப்பதுமாக இருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"உன்னப் பாத்தா எனக்குத் தல சுத்துதுக்கா. யாரத்தான் தேடற?"

"என் தங்கச்சிய" என்றாள்.

தங்கையும் அதே செருப்புக் கம்பெனியில் வேலை பார்த்தவள். அங்கே லோடு ஏற்ற வந்த மலைக்காரப் பையனைக் கட்டிக்கொண்டு மேலே வந்துவிட்டாள். புதூர்நாட்டைத் தாண்டினால் ஓர் ஓடை. அதற்கு அந்தப் பக்கம் இருக்கும் சின்ன ஊர்தான் அவள் வாழ்க்கைப்பட்ட ஊர். கீழே நிலபுலத்தோடு இருந்த குடும்பம், மலைக்காரனோடு பெண் போனதைத் தாங்கவில்லை. வீட்டு வாசலில் கால் வைத்தால் வெட்டுவேன் என்றான் அண்ணன். அப்பா செத்த அன்றைக்குத் தங்கை கைக்குழந்தையோடு வந்தாள். தெருமுனையில் அவளைப் பார்த்தது அக்காதான். உள்ளே விட்டால் கொலை விழும் என்று பயந்து, அவளைக் கட்டிப்பிடித்து அழுது, போ கண்ணு, நானே உன்னை வந்து பார்க்கிறேன் என்று திருப்பி அனுப்பினாளாம். அப்பா முகத்தைப் பார்க்காமலே தங்கை போய்விட்டாள். போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனாள்.

"'நீ என் வாசலுக்கு வராத. வரணும்னா நானே வருவேன்'னா. அவ சொன்னா சொன்னதுதாம்மா. சின்னதுலேர்ந்தே அப்படித்தான்."

"அதனால?"

"அதனால அவ வர்ற மாதிரி ஒரு எடம் வெச்சேன்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த ஊர்க்காரிகள் படத்தை எடுத்துக்கொண்டே இருந்தால், திருப்பித் தர ஒவ்வொரு முறையும் ஒரு புது முகம் வந்துகொண்டே இருந்தால், ஒரு நாள் அங்கே மிச்சம் இருப்பது ஒருத்திதான். ஓர் இடத்தில் நிற்க முடியாதவள், தங்கை சொன்ன ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டு, மலை முழுக்க வலை விரித்துவிட்டு என் கடையில் காத்துக்கொண்டிருந்தாள். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். இவள் தானும் ஆடினாள். எனக்குப் பாவமாகவும் இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது. கட்டிப்பிடித்து அழுது அனுப்பியதற்கா இத்தனை வருஷக் கோபம் என்று அந்தத் தங்கைமேல் எரிச்சலும் வந்தது.

அதற்குப் பிறகு நானும் அவளோடு சேர்ந்து முகம் பார்க்க ஆரம்பித்தேன். ஓடைக்கு அந்தப் பக்கத்து முகங்கள் ஒவ்வொன்றாக வந்து தீர்ந்தன. இனிமேல் அவள்தான் என்று அக்கா நிலைகொள்ளாமல் இருந்த சமயத்தில், பச்சைப் பையோடு ஒருத்தி வந்தாள். "நான் செங்கத்துலேர்ந்து வர்றேங்க. நாத்தனா வூட்டுக்கு வந்திருக்கேன்." புது முகம்தான், சட்டப்படி வாங்கியாக வேண்டும். அடுத்த தடவை ஆலங்காயத்திலிருந்து யாருக்கோ சித்தி. அதற்கடுத்தது பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண், மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க. அக்கா அவளுக்கு நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, ஜீப்பில் ஏற்றிவிட்டு வந்து என்னிடம் பொருமினாள். "இன்னாம்மா இது, அந்த ஊருக்கு மட்டும் இவ்ளோ விருந்தாளிங்க?"

அந்த ஊருக்குப் படம் எடுத்துப்போக வருகிறவள் எப்போதும் ஒருத்திதான். வெடுக்கென்று பேசுகிறவள். தங்கையின் பக்கத்து வீட்டுக்காரி. அடுத்த முறை வந்தபோது நான் அவளையே கேட்டுவிட்டேன். அவள் மழுப்பவில்லை. அக்காவை நேராகப் பார்த்தே சொன்னாள்.

"ஆமா, நாங்கதான் அனுப்பறோம். அது வரமாட்டேன்னுது. நீங்க இங்க கட போட்டதுலேர்ந்து அது புதூர்நாட்டுப் பக்கமே வர்றதில்ல. ரேஷனுக்கு அதோட வூட்டுக்காரரு வேலைய வுட்டுட்டு வர்றாரு. ஆஸ்பத்திரிக்குக்கூட எங்கியோ சுத்திக்கினு போவுது. நீங்க காத்துக்கினு இருக்கறீங்க, சரி. அது எங்க போவும்?"

அன்றைக்குச் சாயங்காலம் வரை அக்கா மேட்டில் ஏறுவதும் இறங்குவதுமாகவே இருந்தாள். கையில் போன்கூட இல்லை. தங்கை வருவதற்கு வழியைத் திறந்து வைத்திருக்கிறோம் என்று நினைத்தவள், அந்த வழியை அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். என் கடையும் அதற்கு உடந்தை.

அடுத்த ரேஷன் நாளிலிருந்து அக்கா முதல் பஸ்ஸிலேயே திருப்பத்தூருக்கு இறங்கிவிடுவாள். கடைசி ஜீப்பில்தான் திரும்புவாள். "ரேஷன் நாள்ல நான் இங்க இருக்கமாட்டேன்" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லியும் அனுப்பினாள். தங்கை வந்தாள். அக்காவின் அதே நெற்றி, அதே மூக்கு. நடை மட்டும் வேறு, அவசரமில்லாத நடை. அரிசியை வாங்கி வைத்துவிட்டு, மகளின் பள்ளிக்கூடக் காகிதத்தை ஜெராக்ஸ் எடுக்க வந்தாள். படியேறவில்லை. ரோட்டில் நின்றபடியே நீட்டினாள். நான்தான் இறங்கிப் போய் வாங்கினேன். அலமாரியில் தொங்கும் தோல் பைகளை ஒரு முறை பார்த்தாள்.

கடைசி ஜீப்பிலிருந்து இறங்கும்போதே அக்கா கேட்டாள்.

"வந்தாளா?"

"வந்தாங்க."

"எப்படிம்மா இருந்தா?"

"நல்லாத்தான் இருந்தாங்க. பொண்ணு ஆறாவது போவுதாம்."

"இளைச்சிருக்காளா?"

"எனக்கு எப்படித் தெரியும்? முன்னாடி பாத்திருந்தாதான?"

"ஐயோ, சொல்லும்மா. கை எப்படி இருந்துச்சு? கையப் பாத்தா தெரியும் அவளுக்கு."

கை எப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லை. அடுத்த ரேஷன் நாளில் முதலில் கையைத்தான் பார்த்தேன். நல்ல காப்புக் காய்த்த கை, இளைத்ததாகத் தெரியவில்லை. சொன்னதும் அக்கா முகம் கொஞ்சம் தெளிந்தது.

பக்கத்து வீட்டுக்காரி பிறகு ஒரு நாள் போகிறபோக்கில் சொன்னாள்: "படமெல்லாம் அது ஒண்ணு வுடாம பாக்குது. டிவி போட்டா மொத ஆளா வந்து உக்காருது." அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு நாள் எதையோ யோசித்துக்கொண்டே அலைந்தாள். பிறகு என் மேசைமுன் வந்து நின்றாள்.

"என்னை ஒரு படம் எடும்மா. உன் போன்லயே எடு."

"இன்னா படம்?"

"நான் பண்ணினத நானே சொல்றேன். அவ வூட்டுக்கு நான் போகக்கூடாது. படம் போகலாமில்ல?"

"அந்த ஊருக்கு மட்டுமா போவும்? மல முழுக்கச் சுத்துமே. யோசிச்சியாக்கா?"

"சுத்தட்டும். அவளுக்கு மட்டும் அனுப்பினா அது தூது. எல்லாரும் பாத்தாத்தான் அது படம்."

புளியமரத்தடியில் நாற்காலி போட்டேன். உட்கார்ந்தால் அவளுக்குப் பேச்சு வரவில்லை. எழுந்து நடக்க ஆரம்பித்ததும் வந்தது. பள்ளிக்கூடம் வரை போவதும் திரும்புவதுமாக அவள் பேச, நான் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். பலாப்பழம் ஏற்றிய வண்டி ஒன்று எங்களுக்குப் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. படம் முழுக்க ஆடும். ஆனால் குரல் தெளிவாக இருக்கும். மழை நாளில் என்னிடம் சொன்னதைத்தான் சொன்னாள். அண்ணன், அப்பா சாவு, தெருமுனை, கட்டிப்பிடித்து அழுதது, போ கண்ணு என்றது. "அப்பா மொகத்த அவளுக்குக் காட்டாதது அண்ணன் இல்ல. நான்" என்று முடித்தாள்.

சாயம் ஏற்றாத தோலில் அதற்கு ஒரு பை தைத்து மற்றவற்றோடு மாட்டினாள். முதலில் வேறு ஊர்களுக்குத்தான் போனது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? டீக்கடையில் ஆண்கள்கூட அதைத்தான் பேசினார்கள். திருப்பித் தர வந்த ஒரு கிழவி, "செத்த வூட்டுல பொறந்தவளத் தடுக்கறது பாவம்டி, எந்தக் கோயிலுக்குப் போனாலும் தீராது" என்று அவள் முகத்துக்கு நேராகவே சொன்னாள். "ஆமாம்மா" என்றாள் அக்கா. இன்னொருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கடையில் மனு எழுத வந்தவர்கள் என்னிடம் குனிந்து, "இந்தம்மாதானா அது?" என்று கேட்டார்கள். ஆமாம், இந்தம்மாதான், உங்க மனுவைப் பாருங்க என்றேன்.

பிறகு அது ஓடைக்கு அந்தப் பக்கம் போனது. வரவில்லை. விருந்தாளியும் வரவில்லை, பக்கத்து வீட்டுக்காரியும் வரவில்லை. அக்கா சாப்பாட்டைத் தட்டோடு வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தாள். "வராட்டி போவட்டும்க்கா, உடம்பக் கெடுத்துக்காத" என்று நான் கத்தினேன். ஜீப் சத்தம் கேட்டால் இப்போது அவள் வெளியே போவதுகூட இல்லை. உள்ளேயே இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நடந்தாள்.

ரேஷன் நாள் இல்லாத ஒரு நாள் காலையில் தங்கை வந்தாள். படியேறி நேராக என் மேசைக்கு வந்து அந்தத் தோல் பையை வைத்தாள். அக்கா அலமாரியோடு ஒட்டி நின்றாள்.

"படத்துல ஒரு எடம் தப்பா இருக்குது" என்றாள் தங்கை, என்னிடம்.

"இன்னா தப்புங்க?"

"கட்டிப்புடிச்சு அழுதேன்னு சொல்லுது. அப்படி ஒண்ணும் நடக்கல. போ கண்ணுன்னும் சொல்லல." பிறகுதான் அக்கா பக்கம் திரும்பினாள். "பந்தல்லேர்ந்து அண்ணன் கேட்டானே, யார் அதுன்னு. நீ இன்னா சொன்ன?"

அக்கா அலமாரியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லு. உனக்கு ஞாபகம் இருக்குது."

வெளியே ஜீப் வந்து நின்று ஹாரன் அடித்தது. அக்கா திரும்பவில்லை.

"யாரோ வழி கேக்கறாங்கன்னேன்" என்றாள்.

"ம். பாப்பா என் இடுப்புல. நீ எம் மூஞ்சியப் பாத்துக்கினே சொன்ன. யாரோ வழி கேக்கறாங்க."

நான் கேட்டதும், மலை முழுக்கப் பார்த்ததும், அக்கா தனக்குத்தானே சொல்லிச் சொல்லிப் பழகிவிட்ட கதை. என்னை ஏமாற்றினாள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு மனுஷி எந்த நாற்காலியில் போய் உட்காருவாள்?

"அண்ணனுக்குப் பயந்தேன்னு சொல்ற பாரு, அது நெசம்" என்றாள் தங்கை. குரல் ஏறவே இல்லை. "பயந்துக்கினு போடின்னு தொரத்தியிருந்தாக்கூட நான் அழுதுட்டு மறந்திருப்பேன். நீ என்னை யாரோன்ன."

"மாத்தி எடுக்கறேன்" என்றாள் அக்கா. என்னைப் பார்த்தாள். "இப்பவே எடும்மா."

போனை எடுத்தேன். தங்கை என் பக்கத்தில், போனுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டாள். அக்கா இருந்த இடத்திலிருந்து நகரவில்லை. இந்த முறை அவள் பேசியது கொஞ்சம்தான்.

"எங்கப்பா செத்த அன்னிக்கு எந் தங்கச்சி வந்தா. கைக்கொழந்தையோட வந்தா. யாருன்னு அண்ணன் கேட்டான். யாரோ வழி கேக்கறாங்கன்னு சொன்னேன். அது எந் தங்கச்சி." பிறகு தங்கையின் பேரைச் சொன்னாள், அப்பாவின் பேரையும் சேர்த்து.

நான் போனை இறக்கினேன். தங்கை முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "இதப் போடுங்க. பழசு வேணாம்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். அக்கா வாசல்வரை போய் நின்றுவிட்டாள். அதற்கு மேல் போகலாமா கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

தங்கை ரோட்டில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தாள்.

"வாசலுக்கு வராதன்னு சொன்னது சொன்னதுதான்" என்றாள். "ஓடை வரைக்கும் வா."

அக்கா அவசர அவசரமாகச் செருப்புக்குள் காலை நுழைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். அவள் மாட்டிக்கொண்டு போனது என் செருப்பு. நான் கூப்பிட்டுச் சொல்லவில்லை.